நூத்தியாறு வயசுக்கு ஒத்தைச் சக்கர வண்டி

இன்னா நைனா, மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுக்கினு வர்றே? ‘இந்தியன்’ மூணாவது பாகத்துல கமலே இருக்கணும்னு நீயும், ஆளை மாத்தணும்னு உன் சேக்காளியும் டீக்கடையில சட்டையைப் பிடிச்சுக்கினீங்களாமே. நல்லது. ஆர்.கே.பேட்டையில கூலி ஏறல, நூல் விலை இறங்கல, கரண்ட் எப்போ போகும்னு தெரியல. இதுக்கெல்லாம் வாய் திறக்காத பிள்ளைங்க அந்தப் படத்துக் கிழவன் சேனாபதிக்காகவாவது திறந்தீங்களே, அந்த மட்டும் சந்தோஷம். உக்காரு. தாத்தன் தீர்ப்பு சொல்றேன். பஞ்சாயத்துக் கூலி ஒரு டீ, சக்கரை தூக்கலா.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். கமல் பொறந்தது 1954 நவம்பர். ‘இந்தியன்’ வந்தது 1996 மே. அப்போ அவருக்கு 41. அந்த வயசுல எழுபது தாண்டின கிழவனா வந்து நின்னாரு பாரு, அதுதான் வித்தை. மைக்கேல் வெஸ்ட்மோர்னு ஒரு அமெரிக்காக்காரர் வந்து முகத்துல ஒட்டு வேலை பண்ணாரு. கமலுக்கு தேசிய விருது கூட கிடைச்சுது. இந்தப் பக்கத்து ஜனங்க ஆந்திரா எல்லையைத் தாண்டிப் போய் ‘பாரதீயுடு’ன்னு தெலுங்குலயும் பார்த்துட்டு வந்தாங்க. கிழவன் எந்த பாஷையில பேசுனாலும் லஞ்சம் வாங்குறவனுக்கு வவுறு கலங்குச்சு.

அப்புறம் 2024 ஜூலையில ரெண்டாவது பாகம். அப்போ கமலுக்கு 69. ரப்பர் வேணாம், கோந்து வேணாம், மனுஷன் வூட்டுல இருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தாலே சேனாபதிதான். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு நிஜ வயசு வேஷத்துக்கிட்ட வந்து சேர்ந்திருக்கு. எவ்ளோ பெரிய யோகம்! ஆனா படம் எடுத்தவங்க இன்னா பண்ணாங்க? சேனாபதியை 106க்கு ஓட்டிக்கினு போய்ட்டாங்க. கமல் துரத்துறாரு, சேனாபதி பிடி குடுக்காம ஓடுறாரு. பழையபடி ரப்பர், பழையபடி கோந்து. வாலிபன் கிழவனா நடிச்சா வாயைப் பொளக்கலாம். கிழவரு இன்னும் பெரிய கிழவரா நடிச்சா நான் எதுக்குடா வாயைப் பொளக்கணும்? எனக்குப் பல்லே நாலுதான் இருக்கு.

அந்த 106 வயசாவது கிழவனா இருந்துச்சா? சட்டையைக் கழட்டுனா கட்டுக்கட்டா சதை. ஒத்தைச் சக்கர வண்டி ஒண்ணுல ஏறிக்கினு ரோட்டுல பறக்குறாரு. வர்மத்துல ஒருத்தனைத் தட்டி குதிரை மாதிரி ஓட வெக்கிறாரு. வயசைப் பத்திக் கேட்டப்ப, சீனாவுல நூறு தாண்டியும் வித்தை காட்டுன ஆசான் ஒருத்தர் இருந்தாருன்னு டைரக்டர் ஷங்கர் சொன்னாரு. இருக்கட்டும் நைனா, நான் இல்லைன்னு சொல்லல. நூறை நெருங்குன பெரிசுங்களை நானும் பார்த்திருக்கேன். காலையில வெயில்ல உக்காந்துக்கினு அவங்க ஓட வெக்கிறது மருமகளை மட்டும்தான்.

படம் வந்த சில நாள்லயே 12 நிமிஷத்தை வெட்டி எறிஞ்சாங்களாம். அதுக்கு பதிலா முப்பது வயசை வெட்டியிருந்தா படம் பொழைச்சிருக்கும்.

உன் சேக்காளி இன்னா சொல்றான்? ஆளை மாத்திடலாம், வெள்ளைக்காரன் ஜேம்ஸ் பாண்டை மாத்தலையான்றான். மாத்துனான், நல்லாவே மாத்துனான். ஷான் கானரி போய் ரோஜர் மூர் வந்தாரு. ஆனா அவனை ஒண்ணு கேளு: வந்தவரு போனவரை விட வயசுல மூத்தவரு, தெரியுமாடா? கானரி 1930, மூர் 1927. 1983ல கூத்து இன்னும் முத்திடுச்சு. ஒரு கம்பெனி மூரை வெச்சு ஒரு பாண்டு படம் விட்டான், இன்னொரு கம்பெனி கானரியைத் திரும்ப இட்டாந்து வேறொரு பாண்டு படம் விட்டான். ரெண்டுமே அம்பதைத் தாண்டுன மாப்பிள்ளைங்க. அதுக்கப்புறமும் மூர் விடல, 1985ல 57 வயசுல இன்னொரு தடவை துப்பாக்கியைத் தூக்குனாரு. ஆளை மாத்துனா இளசாயிடும்னு எவன் சொன்னான்?

நம்மூரு கதைக்கு வா. எம்.ஜி.ஆர். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ எடுத்து 1973 மே மாசம் விட்டாரு. அந்த வாலிபனுக்கு வயசு 56. ஒருத்தன் வாயைத் திறக்கல. திறந்திருந்தா வூடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். சிவாஜி ‘முதல் மரியாதை’ பண்ணது 1985ல. கணக்குப் போட்டுப் பாரு, அவருக்கும் அப்போ அதே 56. ஒருத்தர் அந்த வயசுல உலகத்தைச் சுத்துனாரு, இன்னொருத்தர் ஆத்தங்கரையில நரைச்ச மீசையோட நின்னாரு. ரெண்டும் ஓடுச்சு. அதனால வயசு மேல பழியைப் போடாதே. வாலிபன்னா வாலிபன், கிழவன்னா கிழவன், அவங்க கையில துணி நேரா வந்துச்சு. புதுப் பாவு ஏத்தும்போது பழைய பாவோட நுனியைப் பிடிச்சு இழைக்கு இழை பிணைக்கிறோமே, இங்க ரெண்டு இழையை விட்டுட்டு அங்க நாலை இழுத்துக் கட்டுனா லுங்கி எந்த லட்சணத்துல வரும்னு உனக்கு நான் சொல்லணுமா?

முதல் ‘இந்தியன்’ எதுல நின்னுச்சுன்ற? வர்மத்துலயா? இல்லடா. கிழவன் லஞ்சம் தர மாட்டேன்னு நின்னதால பெத்த பொண்ணு செத்துச்சு. லஞ்சம் வாங்குன பெத்த பிள்ளையை அதே கிழவன் கையாலே கொன்னான். வூட்டுக்காரி அமிர்தவல்லி நடுவுல நின்னு தவிச்சா. அவனுக்கு இழக்கறதுக்கு ஒரு குடும்பம் இருந்துச்சு. ரெண்டாவது பாகத்துல சேனாபதி தாய்வான்ல இருந்து வந்து இறங்குறாரு, கையில பொட்டி கூட கிடையாது. இழக்கறதுக்கு ஒண்ணுமில்லாத கிழவன் வந்து அடுத்தவன் வூட்டுப் பிள்ளைங்களைப் பார்த்து உங்க அப்பன் ஆத்தாளைக் காட்டிக் குடுங்கன்னா, ஊரு சிரிக்குமா அழுமா?

இதுக்கு நடுவுல ஒரு திருட்டுத்தனம் நடந்துச்சு, நீ கவனிச்சியா? நிஜமான ‘இந்தியன்’ ரெண்டாவது பாகம் ஒரு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு. பேரு ‘ஜெயிலர்’. 2023 ஆகஸ்டு. ரஜினிக்கு 72. வேலையை விட்டு ஓய்வு பெற்ற அப்பன், போலீஸ்கார பிள்ளை, அந்தப் பிள்ளை தப்பு பண்றான், கடைசியில அப்பன் கண்ணு முன்னாடியே அதுக்குத் தீர்ப்பு. 1996ல பார்த்த அதே வயித்தெரிச்சல்தான். ஆனா அந்தப் பட டைரக்டர் நெல்சன் கெட்டிக்காரன். தாத்தாவை தாத்தாவாவே வுட்டுட்டான். பேரனோட யூடியூப்ல நின்னு வேலை பண்றாரு, கண்ணாடியைத் தொடைச்சுக்கினு உக்காந்திருக்காரு, சுடுறது எவனோ எங்கேயோ. பெரிய சண்டைக்கு மோகன்லாலையும் சிவராஜ்குமாரையும் கூப்பிட்டுக்கினாரு. வயசானவனுக்கு வேற இன்னாடா பலம்? போன் போட்டா நாலு பேர் வரணும், அவ்ளோதான். கமலே 2022ல ‘விக்ரம்’ல இதைத்தான் பண்ணாரு. 1986ல வந்த அதே பேரு, ஆனா இந்தத் தடவை சத்தம் கேட்டா ஆகாத பேரப்பிள்ளைக்குப் பால் புகட்டிக்கினு இருக்குற தாத்தா. ஓடுச்சா இல்லியா?

ஒருவேளை நம்ம திருத்தணி மலையைப் பார்த்தாவது இவங்க கத்துக்கலாம். சூரனை அடிச்சு முடிச்சுட்டு கோபம் தணிஞ்சு முருகன் வந்து உக்காந்த இடம்னு சொல்லித்தானே 365 படியும் ஏறுறோம். ஊரெல்லாம் சஷ்டிக்கு சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்க சம்ஹாரம் கிடையாது, பூவைக் கொட்டுவாங்க. என்னைக்கும் வயசாகாத சாமியே சண்டை போதும்னு ஒரு மலையைப் பார்த்து உக்காந்துடுச்சு. மூட்டு வலிக்கிற நம்ம ஸ்டாருங்களுக்கு மட்டும் உக்கார மனசு வரல. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, உக்காந்தா நீங்கதான் விசில் அடிக்க மாட்டேன்றீங்களே.

அதையும் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதே. உனக்குக் கமல் வேணும்னு தோணல நைனா. உங்கப்பன் பதினெட்டு வயசுல கிழிஞ்ச டிக்கெட்டோட விசில் அடிச்சதைக் கதை கதையா கேட்டிருக்கே, அந்த விசில் உனக்கும் வேணும். அதை ஷங்கர் எங்கேருந்து எடுத்துக் குடுப்பாரு?

சரி, தீர்ப்பு. ரெண்டாவது பாகம் முடியற இடத்துல மூணாவதுக்கு முன்னோட்டம் காட்டுனாங்களே, அதுல கமலை இளசாக்கி வெள்ளைக்காரனோட சண்டைக்கு விட்டிருக்காங்க. கிழவனாக்கி ஒரு தடவை, பெரிய கிழவனாக்கி ஒரு தடவை, இப்போ வாலிபனாக்கி ஒரு தடவை. மனுஷனை அவரு வயசுல மட்டும் ஒருத்தரும் நிக்க விட மாட்டேன்றாங்க. என் பேச்சைக் கேட்டா, ஆளை மாத்தாதே. சேனாபதி கமல்தான், வேற எவன் போட்டாலும் அது ரப்பர் முகம்தான். ஆனா வர்ற படத்துல ஒட்டு வேலை எதுவும் வேணாம். அவரு முகம், அவரு சுருக்கம், அவரு நடை. அடிக்கிறது ரெண்டு அடி போதும், அடிச்ச கை அடுத்த நாள் வலிக்கணும். கோலு புடிச்சுக்கினு ஒரு ஆபீஸ் வாசல்ல நின்னு, லஞ்சம் குடுக்காம ஒரே ஒரு கையெழுத்து வாங்கிக்கினு வரட்டும். அதுதான்டா இந்த நாட்டுலயே பெரிய சண்டைப் படம். அப்படி வந்தா எனக்கும் சேர்த்து டிக்கெட் எடு, வர்றேன். ஒத்தைச் சக்கர வண்டின்னா நீயும் உன் சேக்காளியும் மட்டும் போய்ட்டு வாங்க, அந்த நேரத்துக்கு உன் தறியை நான் பார்த்துக்கிறேன்.