மாமா கேட்ட சுருள் வயர்

சிங்கப்பூர்

அன்புள்ள மாமாவுக்கு,



ஊரிலிருந்து வரும் பட்டியல்கள் எனக்கு மனப்பாடம். கோடாலித் தைலம், மைலோ டின், சென்ட் பாட்டில். டெலிபோன் ரிசீவருக்குச் சுருள் வயர் கேட்டது இளையரசனேந்தலிலேயே நீங்கள் ஒருவர்தான். கோவில்பட்டியில் கிடைக்காதா என்றால், “ஃபாரின் வயர்தான் உழைக்கும்” என்று அத்தையிடம் சொல்லிவிட்டீர்களாம். அதற்கு மேல் அப்பீல் ஏது?

தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு, ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்கு நடந்தேன். வயர், சுவிட்ச், சாலிடரிங் சாமான் என்று கடை கடையாக இருக்கும் கட்டடம். சில வெள்ளி பெறாத வயருக்கு, கடைக்காரச் சீனப் பெரியவர் விசா ஆபீசில்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார்.

முதல் கேள்வி, ஜாக். சுவரிலிருந்து போனுக்கு வரும் வயரின் ஜாக் 9.65 மி.மீ. அகலம், ரிசீவர் ஜாக் 7.65 மி.மீ. தான். ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது. உங்களுடையது அந்தக் காலத்துக் கறுப்பு டயல் போன் என்றால் ஜாக்கே கிடையாது. உள்ளே திருகாணி போட்டு முடுக்கியிருக்கும்.

இரண்டாவது, நீளம். பன்னிரண்டு அடி என்று போட்டிருப்பது முழுக்க இழுத்தால் வரும் நீளம். சும்மா கிடந்தால் இரண்டடிச் சொச்சம். இருபத்தைந்து அடியும் உண்டு. அதை வாங்கினால் நீங்கள் பேசிக்கொண்டே திண்ணைக்குப் போய், தெருவில் போகிறவரையும் விசாரிப்பீர்கள். மேஜையில் இருக்கும் போன் பின்னாலேயே வந்து கீழே விழும். ஆகவே பன்னிரண்டே போதும்.

மூன்றாவது, வால். இரு முனையிலும் சுருளாத பகுதி கொஞ்சம் இருக்கும். ஒரு வால் நீளமாக இருந்தால் அது போன் பக்கம், குட்டையானது ரிசீவர் பக்கம்.

வயர் முறுக்கிக்கொள்வது மட்டும் எந்த நாட்டுச் சரக்கானாலும் நிற்காது. வலது கையால் எடுத்து, எழுத வசதியாக இடது காதுக்கு மாற்றி, அப்படியே வைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒரு முறுக்கு ஏறும். கடைசியில் பாதி வலமாகவும் பாதி இடமாகவும் சுருண்டு, நடுவில் ஒரு கோணல். கொல்லையில் பீர்க்கங்கொடியின் பற்றுக்கம்பியைப் பாருங்கள், அதே கோலம்தான். டார்வின் 1865-இலேயே கொடிகளைப் பற்றி எழுதும்போது இதை விளக்கியிருக்கிறார். ரிசீவரை அந்தரத்தில் தொங்கவிட்டால் தானே சுழன்று முறுக்கு இறங்கிவிடும்.

உங்கள் பழைய வயருக்கு என்ன நோய் என்பதும் தெரிந்துவிட்டது. உள்ளே நாலு இழை. நூல்மேல் மெல்லிய செம்புத் தகடு சுற்றியது. இரண்டு பேசுவதற்கு, இரண்டு கேட்பதற்கு. நீங்கள் பேசுவது எங்களுக்குக் கணீரென்று கேட்கிறது. நாங்கள் சொல்வதுதான் உங்களுக்கு எட்டவில்லை. அப்படியென்றால் காதுக்குப் போகும் இழைதான் அறுந்திருக்கிறது.

இதை அத்தையிடம் விளக்கினேன். “இந்த வீட்டில் அது போன் வருவதற்கு முந்தியே அறுந்துபோச்சு” என்கிறார். ஜாக்கைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். திருச்சி விமானம் ஏறுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்