ஏட்டி, கால்ல என்ன விரியன்?

ஏமாற்றுக்காரி காதலில் விழுந்தால் தொழில் படுத்துவிடும். ஹாலிவுட்காரர்களுக்கு இது 1941-ல் தெரிந்தது. பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எடுத்த ‘தி லேடி ஈவ்’ படத்தில் பார்பரா ஸ்டான்விக், அப்பாவோடு கப்பலில் சீட்டாடிப் பணக்காரப் பயல்களின் மடியைக் காலி செய்கிறவள். வலையில் விழுகிறவன் ஹென்றி ஃபோண்டா. பீர் கம்பெனி வாரிசு. அமேசான் காட்டில் ஒரு வருஷம் பாம்பு ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்புகிறான். பாம்பை அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும், பெண்ணைத் தெரியாது. மொட்டையடிக்க வந்தவளுக்கே அவன்மேல் ஆசை வந்துவிடுகிறது.

நல்ல படம்தான். ஆனால் திருநெல்வேலிச் சீமைக்காரன் இதற்கெல்லாம் வாயைப் பிளக்க வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் இந்தச் சரக்கையெல்லாம் இறக்கிவிட்டார், பாம்பு உட்பட. குற்றாலத்தையும் சேர்த்துக்கொண்டு தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகப் பிரிந்துபோனாலும், குற்றாலத்துச் சிற்றாறு இன்னும் சீவலப்பேரிக்கு வந்து தாமிரபரணியில்தான் விழுகிறது. ஆகவே உரிமை கொண்டாடலாம்.

குற்றாலத்தில் ஆள்மாறாட்டம் புதிதல்ல. தலபுராணப்படி, சைவர் என்பதால் கோயிலுக்குள் விடாமல் துரத்தப்பட்ட அகத்தியர், நாமம் போட்டுக்கொண்டு வைணவராக உள்ளே போனார். நின்ற பெருமாளின் தலையில் கைவைத்து அழுத்திக் குறுக்கி லிங்கமாக்கிவிட்டார். அந்தத் தலைவலி தீர இன்றும் சாமிக்குத் தைலம் பூசுகிறார்கள். அந்தத் தலபுராணத்தைப் பாடியவரும் நம் கவிராயர்தான். மனிதருக்கு வேஷத்தின் அருமை தெரிந்திருக்கிறது.

இனி குறவஞ்சிக் கதை. குற்றாலநாதர் வீதியுலா வருகிறார். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி பார்த்துவிடுகிறாள். முடிந்தது கதை. மாப்பிள்ளையின் யோக்கியதை என்ன? பிச்சை எடுத்துச் சாப்பாடு, கழுத்தில் நாகம், உடம்பில் இடப்பாதி ஏற்கெனவே ஒருத்திக்குப் பட்டா. பெண் வீட்டார் விசாரித்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். வசந்தவல்லியோ நிலாவைத் திட்டுகிறாள், தென்றலைத் திட்டுகிறாள், தோழியைத் தூது விடுகிறாள்.

இந்த நேரம் பார்த்துக் குறிசொல்லும் குறத்தி சிங்கி தெருவில் வருகிறாள். முதலில் மலைப் பெருமை. அப்புறம் எந்தெந்த ஊரில் குறி சொல்லி என்னென்ன பரிசு வாங்கினாள் என்ற பட்டியல். அப்புறம் வயிற்றுப்பாடு: கூழானாலும் ஊற்று, தின்ன வெற்றிலையும் பாக்கும் அள்ளித் தா, கப்பலில் வந்த சீனச் சரக்கில் துளி கிள்ளித் தா. எல்லாம் வந்த பிறகுதான் கையைப் பிடிக்கிறாள். பிடித்ததும் சொல்கிறாள்: உலா வந்தவரைப் பார்த்துப் பிடித்த காய்ச்சல் இது. வசந்தவல்லி ‘கன்னிப்பெண்ணை இப்படியெல்லாம் சொல்லலாமா’ என்று சீறுகிறாள். சிங்கி பேரைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்து, இவள் வெட்கத்தில் தலைகுனியும்வரை விடுவதில்லை.

இதில் மாயம் என்ன இருக்கிறது? உலா போன தெருவில் ஒரு பெண் உருகி நின்றால், அடுத்த தெருவுக்குத் தெரியாதா? ஊரறிந்த ரகசியத்தைச் சொல்லி நகையோடு கிளம்புகிறாள். கெட்டிக்காரி.

என் பார்வையில் காதல் கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சிங்கியின் புருஷன் சிங்கன் பறவை பிடிக்கிறவன். கண்ணி வைத்து ஏய்ப்பதுதான் அவன் பிழைப்பு. கூட்டாளி நூவனோடு வந்தவனுக்குக் கண் பறவைமேல், நினைப்பு சிங்கிமேல். கண்ணி வைக்க வந்தவனே கண்ணியில் கிடக்கிறான். ‘அவளைக் கண்டுபிடித்துக் கொடு’ என்று நூவனிடம் கெஞ்சுகிறான். கைக்கூலியாக அவன் எடுத்துவிடுவது என்ன தெரியுமா? மரப்பாவையைப் பின்னாலேயே நடக்க வைக்கும் மாயப்பொடி, கூடியிருப்பவர்களைப் பிரிக்கும் பொடி, பிரிந்தவர்களைக் கூட்டும் பொடி, கண்கட்டு வித்தை. இத்தனை பொடியும் இடுப்பில் இருக்க, சொந்தப் பெண்டாட்டியைத் தேட ஆள் பிடிக்கிறான். போலி வைத்தியன் தன் பல்வலிக்கு அடுத்த தெரு டாக்டரிடம் போவது மாதிரி.

கடைசியில் குற்றாலத் தெருவில் அவள் அகப்படுகிறாள், உடம்பெல்லாம் நகையாக. கட்டிப்பிடிக்க வேண்டியவன் கேள்வி கேட்கிறான். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

“ஏட்டி, கால்ல என்ன விரியன் கடிச்சுக் கெடக்கு?”

“கண்ணு அவிஞ்சா போச்சு? சேலத்துல குறி சொல்லி வாங்கின சிலம்புவே.”

“சுண்டுவெரல்ல பூச்சி சுருண்டு கெடக்கே?”

“கண்டி தேசத்துக் காலாழி.”

இடுப்பில் சாரைப்பாம்பு என்கிறான். சோழன் மகள் தந்த பொன் அரைஞாண் என்கிறாள். வாழைக்குருத்தை மடித்துக் கட்டியது யார் என்கிறான். நெல்வேலிக்காரர்கள் தந்த சேலை என்கிறாள். மார்பில் என்ன கொப்புளம் என்றால், காயல்காரர்கள் தந்த முத்தாரம். தாமிரபரணி கடலில் சேரும் பக்கத்து முத்துக்குளித்துறை ஆயிற்றே, முத்துக்கு எங்கே பஞ்சம்? நகை என்றால் என்னவென்றே அறியாதவன்போல் சிங்கன் கேட்டுக்கொண்டே போகிறான். நிஜமாகத் தெரியாதா, சந்தேகத்தில் நடிக்கிறானா? எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. ஹென்றி ஃபோண்டா பெண்ணிடம் பாம்பைப் பற்றிப் பேசினான். சிங்கன் பெண்மேலேயே பாம்பைப் பார்க்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய வெள்ளைக்காரத் துரைமார், குறவர்களையும் பிறவித் திருடர்களாகப் பட்டியலில் ஏற்றினார்கள். கவிராயரோ சிங்கியின் ஒவ்வொரு நகைக்கும் ஊர்ப்பேரோடு ரசீது கொடுத்துவிட்டார். சந்தேகப்படுகிறவன் போலீஸ்காரன் அல்ல, கட்டிய புருஷன். அதுவும் ஆசை முற்றிய சந்தேகம். கணக்கு நேரானதும் இருவரும் குற்றாலநாதரைப் பாடப் போய்விடுகிறார்கள். வசந்தவல்லிக்குச் சொன்ன குறி பலித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கூத்தைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் தந்தார். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பேர். ஆக, குறி சொன்னவளுக்கு நகை, அதைப் பாடினவருக்கு வயல்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகிறவர்கள் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வரும்போது இந்தப் புத்தகத்தையும் வாங்கி வாருங்கள். வசந்தவல்லியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிங்கன் சிங்கியைத் தேடும் இடத்திலிருந்து படியுங்கள்.