பரராசசேகரனின் எச்-இன்டெக்ஸ்

யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து ஆண்ட மன்னர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டப்பெயர்கள் இரண்டு: செகராசசேகரன், பரராசசேகரன். அந்த அரசவையின் பேரில் வழங்கும் வைத்திய நூல்களும் இரண்டு: செகராசசேகரம், பரராசசேகரம். நாடி பிடித்து, மூலிகை இடித்து, பாட்டுக் கட்டிய வைத்தியர்களைக் காணோம். துறைத்தலைவரின் பெயரோ நூலின் பெயராகவே ஆகிவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் 'அன்பளிப்பு ஆசிரியர்' என்று இன்று முணுமுணுக்கிறார்களே, அதற்கு நம்மிடம் இவ்வளவு பழைய முன்மாதிரி உண்டு.

2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், ஆய்வாளரை அளக்கும் எச்-இன்டெக்ஸைக் கண்டுபிடித்தார். பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் பத்துத் தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டால் எண் 10. வைத்தியருக்கும் அதே கோல்தான். நம் மன்னருக்குக் கணக்குப் போட்டால், எந்தப் பரராசசேகரன் என்பதிலேயே கூகுள் ஸ்கொலர் திணறிவிடும்.

அக்கரையில் வேறு சிக்கல். சமிரன் நந்தி என்ற மருத்துவரும் சகாக்களும் 579 இந்திய மருத்துவ நிறுவனங்களை எண்ணி 2016இல் வெளியிட்டார்கள்: 2005 முதல் 2014 வரை 332 நிறுவனங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட இல்லை. எண்ணியவர்களுக்காவது ஒரு கட்டுரை தேறியது.

எங்கட சனத்திடம் இதைவிடக் கறாரான அளவுகோல் இருக்கிறது. ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ண, அதாவது காசு கட்டிப் பார்க்க, போன் எடுத்தால் வரிசை நம்பர் கிடைக்கக் கூடாது.

"முதலாம் நம்பரே கிடைச்சதோ? அப்ப வேற டொக்டரைப் பார் பிள்ளை."