சண்டை தீர்ந்த கதை

ஆடித்தபசுக்குச் சிவகிரியிலிருந்து பஸ் ஏறிச் சங்கரன்கோவில் போகிறவர்களுக்குக் கதை தெரியும். சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்களுக்குள் மல்லுக்கட்டு. கோமதியம்மன் தவமிருந்து, ஒரே உடம்பில் பாதி சிவனும் பாதி பெருமாளுமாகச் சங்கரநாராயணர் வந்து நின்ற பிறகுதான் ஓய்ந்தது.

நம் மதக் காவலர்கள் ஒன்றுசேர அவ்வளவு தவம் தேவைப்படவில்லை. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தன்பாலின உறவு குற்றமில்லை என்றதும், ஜோதிடர் ஒருவர் முந்திக்கொண்டு உச்ச நீதிமன்றம் ஓடினார். பின்னாலேயே முஸ்லிம் தனிச்சட்ட வாரியம், கிறிஸ்தவ சபைகள். பாபா ராம்தேவோ, இது நோய், யோகாவில் சரியாகிவிடும் என்றார். மூக்கைப் பிடித்தால் மனசு மாறுமாம்! 2013-இல் ஜெயித்தார்கள், 2018 செப்டம்பர் 6-இல் அதுவும் கவிழ்ந்தது.

நிபுணரிடம் போய் உட்கார்ந்த ஒருவர் உண்டு: சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். மதுரையிலிருந்து வந்த, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களின் வழக்கில், தமக்குத்தான் விவரம் போதாது என்று உளவியலாளரிடம் பாடம் கேட்டார். 2021 ஜூன் 7-இல், ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்கிற வைத்தியத்துக்கே தடை போட்டார்.

இன்னமும் யாராவது குணமாக்கித் தருவதாக வந்தால், ஃபீஸ் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்தத் தீர்ப்பின் நகலைக் காட்டுங்கள்.