கரிச்சானின் போஜன நியமங்கள்

பட்சி சாஸ்திரம் பயின்றவர்கள் கரிச்சானைப் பூச்சியுண்ணி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். மேய்ச்சல் தரையில் எருமையின் முதுகில் அது ஆரோகணித்து வரும் வைபவத்தைக் கண்டவர்களுக்கோ, அந்தச் சொல் எத்துணை சோபை குன்றியது என்பது விளங்கும். எருமை நடக்கவேண்டியது, குளம்படியில் கலைந்து வெட்டுக்கிளி எழவேண்டியது, கரிச்சான் இறங்கிக் கவ்விக்கொண்டு மறுபடியும் ஆசனத்தில் அமரவேண்டியது. வண்டிக்கூலியும் கொடாமல், வண்டி மாட்டையே வேட்டை நாயாகவும் உபயோகித்துக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் எங்கள் ஊர் மிராசுதார்களுக்குக்கூட வாய்த்ததில்லை.

எருமை அகப்படாத நாளில் தந்திக்கம்பி. புல்லுக்குத் தீ வைத்தால், புகைக்கு அஞ்சி ஓடும் பூச்சிகளை எதிர்கொள்ள முதலில் ஆஜராவது இதுதான். மழைக்குப் பின் ஈசல் புறப்பட்டுவிட்டாலோ, மற்றப் பறவைகள் அடைந்த பிறகும் பந்தியை விட்டு எழுவதில்லை. இவற்றையெல்லாம் உழைப்பென்றே ஒப்புக்கொள்ளலாம். ஆனால், மைனா பாடுபட்டுக் கிளறியெடுத்த புழுவை மேலிருந்து பாய்ந்து பறிப்பதையும், அதற்காகச் சில சமயம் வல்லூறு போலவே குரல் கொடுத்து மைனாக்களைக் கதிகலங்க அடிப்பதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

காகங்களின் கொத்துக்கு ஆற்றாமல் மதுரையை அடைந்த கரிக்குருவிக்கு, அதாவது நம் கரிச்சானுக்கு, சொக்கநாதர் மிருத்யுஞ்சய மந்திரத்தை உபதேசித்து, அதன் குலத்துக்கே வலிமை அருளினார் என்று திருவிளையாடற் புராணம் ஒரு படலமே ஒதுக்கிப் பேசுகிறது. கூடிருக்கும் மரத்தை நெருங்குவது பருந்தேயானாலும் முதுகில் விழுந்து கொத்தி விரட்டுவதையும், அந்தத் தைரியத்தை நம்பி மாங்குயிலும் புறாவும் அருகிலேயே குடித்தனம் வைப்பதையும் பார்த்தால், உபதேசம் வீண்போகவில்லை என்றே தோன்றுகிறது. பிறர் உணவை அபகரிக்கலாகாது என்று கூடவே ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம். சுவாமிக்கு அன்று அவகாசம் இல்லை போலும். கு. ப. ராஜகோபாலன் 'கரிச்சான்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டதும், அவரிடம் அபிமானம் கொண்ட ஆர். நாராயணசாமி 'கரிச்சான் குஞ்சு' ஆனதும் இலக்கிய உலகம் அறிந்தது. தம்மைவிடப் பெரியவர்களைக் கொத்தும் ஆசை எழுத்தாளர்களுக்கு இயல்புதானே!

சித்திரையில் எங்கள் வேம்பில் ஒரு தம்பதி கூடு கட்டியது முதல், மாடியில் வடகம் உலர்த்தும் என் மனைவிக்குக் கறுப்புக்குடையும் கழியும் வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் காகம் கால் வைக்குமுன் அதன் தலையில் அடி விழுந்துவிடுகிறது. காவற்காரருக்கோ வடகத்தில் ருசி கிடையாது, சம்பளமும் கேட்பதில்லை. ஆகவே, அந்த வேம்பின் கிளை தம் வீட்டுப் பக்கம் நீள்கிறதென்று அரிவாளோடு நிற்கும் அண்டை வீட்டாருக்கு என் விண்ணப்பம்: குஞ்சுகள் பறக்கும்வரையிலாவது பொறுத்தருளுங்கள், வடகத்தில் ஒரு பங்கு உங்களுக்கும் உண்டு.