நல்ல நேரம் இல்லாத காலண்டர்

சிவகாசியில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி படத்தின் முன்வைத்துக் கும்பிட்டு வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்று தொடங்கும் ஆர்டர் ஓட்டம் டிசம்பரில் முடியும். பிறகு வசூல் ஓட்டம். அது எப்போது முடியும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்காது.

2023 ஆடியில் பக்கத்து ஊர் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். 2,000 தினசரி காலண்டர், ஒன்று 60 ரூபாய். உள்ளங்கையிலிருந்து பொற்காசு கொட்டும் மகாலட்சுமி படம்தான் வேண்டும் என்றார். "காசு இன்னும் கொஞ்சம் தாராளமாக் கொட்டட்டும் தம்பி" என்று புரூஃபைத் திருப்பி அனுப்பி, இரண்டு கையாலும் கொட்ட வைத்தார். அட்வான்ஸ் 20,000. மீதி ஒரு லட்சம் எப்போது என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு காசை நேரில் பார்த்த பிறகு கெடு கேட்கக் கூச்சமாக இருந்தது.

டிசம்பர் 10ஆம் தேதி சரக்கை இறக்கினேன். அந்த வெள்ளிக்கிழமையே வசூலுக்குப் போனேன்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா மகாலட்சுமியை வெளிய அனுப்பச் சொல்றீங்களே தம்பி!"

தப்புதான். திங்கட்கிழமை போனேன். அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். சுவரில் நான் அடித்த காலண்டர். 7.30 முதல் 9 வரை ராகு காலம். 10.30 முதல் 12 வரை எமகண்டம். 1.30 முதல் 3 வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்குமாம், அதில் பணம் கொடுத்தால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டி வருமாம். இடையில் 9 மணிக்குக் கடை திறந்திருக்காது. 12 மணிக்கு அண்ணாச்சி சாப்பிடப் போய்விடுவார். 3 மணிக்கு மேல் கொள்முதலுக்கு மதுரை பஸ். இத்தனை நேரத்தையும் எழுத்துப் பிழையில்லாமல் புரூஃப் பார்த்தவன் நானேதான்.

அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. "தை பிறந்தா வழி பிறக்கும் தம்பி" என்றார். தையும் பிறந்தது. டிசம்பர் பில்லுக்கான ஜிஎஸ்டியை ஜனவரி 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்ற வழிதான் முதலில் பிறந்தது. பார்ட்டி பணம் கொடுத்தாரா என்று அரசாங்கம் விசாரிப்பதில்லை. கட்டினேன். அதே வாரம் பேப்பர் கடைக்காரர் தன் பாக்கியைக் கேட்டு போன் செய்தார். என் வாயிலிருந்து தானாக வந்தது: "இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே!" மறுமுனையில் பலத்த சிரிப்பு. அவர் கடையில் தொங்குவதும் என் காலண்டர்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் அண்ணாச்சியே கூப்பிட்டார். "இன்னைக்கு மைத்ர முகூர்த்தம் தம்பி. இந்த நேரத்துல பாக்கி கொடுத்தா கடனே இருக்காதாம். உடனே வாங்க." பைக்கை முறுக்கிக்கொண்டு போனேன். மஞ்சள் தடவிய செக்கை நீட்டினார். ரூபாய் 501. அந்த முகூர்த்தத்தில் கடனில் கொஞ்சம் கொடுத்தால் போதும், மீதி சீக்கிரம் தானாக அடைபடும் என்பது நம்பிக்கையாம். மீதி 99,499 எந்த வழியாகத் தானாக அடைபடும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது.

வக்கீலுக்குப் படித்த தங்கை மகனிடம் செக்கைக் காட்டினேன். "நல்லதுதான் மாமா. பாக்கிக்கு வழக்குப் போட மூணு வருஷக் கெடு. அவரே கையெழுத்துப் போட்டுக் கொஞ்சம் கொடுத்ததால, அந்த மூணு வருஷம் இன்னைலேருந்து புதுசா ஓடும்" என்றான். இன்னும் மூன்று வருஷம் அலையச் சட்டமே அனுமதி கொடுத்துவிட்டது.

அவன் மேலும் சொன்னான். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் கெடு இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். எழுதிக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. அப்போது விகிதம் 6.75, மூன்று மடங்கு 20.25 சதவீதம். மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அப்போது புகார் கொடுக்க வேண்டியிருந்த இணையதளத்தின் பெயர் 'சமாதான்'. அண்ணாச்சியோடு சண்டை போட அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது! உத்யம் பதிவு என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அரசு இலவசமாகத் தரும் அதைக் கணினி மையத்தில் 500 ரூபாய் கொடுத்து எடுத்திருந்தேன். ஆனாலும் புகார் கொடுக்கக் கை வரவில்லை. ஆடி மறுபடியும் வருமே.

மார்ச் 29. வெள்ளிக்கிழமை, காலை 10.45. போனில் ஒரு மணிச் சத்தம். 99,499 ரூபாய் கணக்கில் ஏறியிருந்தது. நடுக்கத்தோடு காலண்டரைப் பார்த்தேன். வெள்ளி ராகு காலம் 10.30 முதல் 12 வரை.

அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஏதுமோ என்று போன் செய்தேன். அவருடைய ஆடிட்டர் பேசியிருக்கிறார். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு அந்த நிதியாண்டிலிருந்து அமலுக்கு வந்திருந்தது. குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31ஐயும் தாண்டவிட்டால், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவில் கழிக்க முடியாது. அதையும் லாபமாக வைத்து வரி கட்ட வேண்டும். "அதான் தம்பி, ஆடிட்டர் குறிச்ச நேரத்துல அனுப்பிட்டேன்" என்றார்.

வட்டியை நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. ஆனால் என் பில் புத்தகத்தை மாற்றிவிட்டேன். மேலே உத்யம் எண், கீழே பணம் தர வேண்டிய கடைசித் தேதி. பாதிப் பணம் வந்தால்தான் பிளேட் போடுவேன். சரக்கு இறங்கும்போது சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குவேன்.

2024 ஆடிப்பெருக்கன்று அண்ணாச்சி வந்தார். புது ஆர்டர் ஃபாரத்தை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு 60,000 ரூபாயை எண்ணி வைத்தார். இந்த முறை பிள்ளையார் படம் போதும் என்றார்.