கிளிமஞ்சாரோவுக்கு மூட்டை கட்டிய கதை

கிளிமஞ்சாரோ உச்சியில் பனி கிடக்கிறது என்று 1848-இல் ஐரோப்பாவுக்குச் சேதி அனுப்பியவர் ரெப்மான் என்ற ஜெர்மன் பாதிரியார். கையில் ஒரு குடையை வைத்துக்கொண்டு உள்நாட்டுக்குள் நடந்த மனிதர். பூமத்திய ரேகைப் பக்கம் பனியாவது, பாதிரிக்குப் பார்வைக் கோளாறு என்று லண்டனிலிருந்தே தீர்ப்பு எழுதினார் வில்லியம் டெஸ்பரோ கூலி என்ற புவியியல் பண்டிதர். அவர் ஆப்பிரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. பண்டிதருக்கு அது ஒரு குறையா என்ன?

மலையை ஏறியே தீருவது என்று கிளம்பியவர் ஹான்ஸ் மேயர். லைப்சிக் நகரில் கலைக்களஞ்சியம் போட்டுப் பணம் பார்த்த பதிப்பகக் குடும்பத்துப் பிள்ளை. 1887-இல் மேலே போனார், பனிச்சுவர் குறுக்கே நின்றது, திரும்பினார். 1888-இல் புவியியலாளர் ஆஸ்கர் பவுமானைக் கூட்டிக்கொண்டு பெரிய பரிவாரத்தோடு மறுபடி கிளம்பினார். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனிக்கு எதிராகக் கடற்கரையே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. கிளர்ச்சித் தலைவர் அபுஷிரியின் ஆட்கள் இருவரையும் பிடித்து விலங்கு மாட்டினார்கள். மீட்க 10,000 ரூபாய் ஆனது. ஆமாம், ரூபாயேதான், அந்தக் கரையில் அப்போது நம்மூர் வெள்ளி ரூபாய் தாராளமாகப் புழங்கியது. பயண ஏற்பாட்டில் இப்படி ஒரு செலவை மேயர் எழுதி வைத்திருக்க மாட்டார்.

1889-இல்தான் புத்தி தெளிந்தது. மலை தோற்கடிக்கவில்லை, வயிறுதான் தோற்கடிக்கிறது! சோறு தீர்ந்ததும் ஊர்வரை இறங்க வேண்டியிருக்கிறது. ஆகவே வழிநெடுகக் கூடாரம் போட்டு, மலையடிவாரத்து மராங்குவிலிருந்து சுமையாட்கள் தீனியும் விறகும் கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடானது. சுமார் 4,300 மீட்டர் உயரத்துக் கூடாரத்தில் சமையலுக்கு இருந்தவர் முவினி அமானி. பங்கானிக்காரர்; வெயிலும் தென்னையுமான கடலோர ஊர். அந்த மனிதர் இங்கே உறையும் குளிரில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு, துரைமார் எப்போது இறங்கி வருவார்களோ என்று காத்துக் கிடந்தார். என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தின் தலைவர் அவர்தான்.

கூட ஏறியவர் லுட்விக் புர்ட்ஷெல்லர், சால்ஸ்பர்க்கில் உடற்பயிற்சி வாத்தியார். அக்டோபர் 3-ஆம் தேதி பனியில் படிவெட்டி வெட்டியே களைத்துப்போய், எரிமலை வாயின் விளிம்போடு திரும்பினார்கள். வெட்டிய படிகள் வீணாகவில்லை. 6-ஆம் தேதி உச்சி. வாத்தியாருக்கு அன்றைக்குத்தான் நாற்பது நிறைந்தது.

மேயர் கொடி நட்டு, மூன்று முறை கோஷம் போட்டு, சிகரத்துக்குக் கைசர் வில்ஹெல்ம் பெயரைச் சூட்டினார். பிறகு உச்சியிலிருந்த கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மலையை ஏறிய கையோடு கொஞ்சம் குட்டையாக்கியும் விட்டார்! கல், கைசரின் போட்ஸ்டாம் அரண்மனைச் சுவரில் ஏறியது. பின்னாளில் அது எப்படியோ காணாமல் போக, அந்த இடத்தில் வேறொரு கல்லைப் பதித்தார்கள். அரண்மனைக்காரர்களுக்குக் கல் என்றால் கல்தானே.